சாட்சிக்காரி

எஸ்றா கல்யாணக் கார்டை அக்காவிடம் நீட்டிவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். தூத்துக்குடியில் கச்சான் காற்று பிடித்து எட்டு நாள் ஆகியிருந்தது. உப்பளத்துப் பக்கமிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்து மட்டக்கடைக்குப் பின்னால் இருந்த அந்த வரிசை வீடுகளின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினாலும் பல்லில் நறநறவென்று கடிபட்டது.

கிருபாபாய் அப்போதுதான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை வேலை முடித்து வந்திருந்தாள். ஆறு மணியிலிருந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கப்பல் ஏஜெண்டுகளுக்கு மெட்ராஸும் பம்பாயும் போட்டுக் கொடுத்த காது இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை.

கார்டை ஒருதரம் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள். 'திரு. செல்வதுரை, திருமதி கிரேசி செல்வதுரை இவர்களின் குமாரன்' என்று இருந்தது.

"அம்மா பேரு எங்கலே?"

"அப்பாதான் பிரஸ்ல எழுதிக் குடுத்தாவ. நான் பாக்கும்போது அடிச்சு முடிச்சாச்சு."

"கிரேசி சித்தியா ஒன்னப் பெத்தா?"

"அக்கா, எனக்கு நாலு வயசுல அம்மா போயாச்சு. சித்திதான் வளத்தாவ. அவுக பேரப் போடாண்டாம்னு நான் எந்த மூஞ்சிய வச்சுட்டுச் சொல்லுவேன்?"

"அவ பேரப் போடாதன்னு நான் சொல்லல. அம்மா போகலலே. போக வச்சாவ."

எஸ்றா துறைமுகத் திட்டத்தில் இளநிலைப் பொறியாளன். பேசும்போது கையில் ஏதாவது ஒன்றை வைத்து உருட்ட வேண்டும் அவனுக்கு. மேசையிலிருந்த பேனாவை எடுத்து உருட்டினான்.

"கோவிலுக்கு அம்மா வரவேண்டாம்னு அப்பா சொல்லுதாவ. சாயங்காலம் விருந்துக்கு வரட்டும். பின்னால ஒரு ஓரமா இருந்துட்டு..."

"அம்மா வந்தா யாரு சங்கடப்படுதா? பொண்ணு வீட்டுக்காரவுளா?"

"சாத்தான்குளத்து மாமா ஒண்ணும் கேக்கல. அப்பாவே போய்ச் சொல்லிட்டாவ. கோர்ட்டுத் தீர்ப்பு இருக்கு, மறைக்கதுக்கு ஒண்ணுமில்லன்னு."

நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களுடைய அம்மா ஞானதீபம் கதவருகே நின்று சேலையை உதறிக்கொண்டிருந்தாள். அவள் கடற்கரைச் சாலையில் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் அவுரி இலை புடைக்கிறவள். சீமைக்கு மருந்துக்குப் போகிற இலை. காம்பும் காயும் பொறுக்கி, புடைத்து, தரம் பிரிக்க வேண்டும். அந்தத் தூசி மூக்கு வழியாகப் போனால் இருமல், வாய் வழியாகப் போனால் வயிற்றைக் கலக்கும். வாயில் துணி கட்டிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலை செய்கிறாள். அதற்கு முன்னால் அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர்.

"வா தம்பி. சாப்பிட்டியா?" என்றாள், விருந்தாளியைக் கேட்கிற மாதிரி.

"ஆச்சும்மா."

"எல்லாம் கேட்டுது. நான் கோவிலுக்கும் வரல, விருந்துக்கும் வரல. நீ சந்தோஷமாச் செய்." குழாயடிக்குப் போய்க் கைகால் கழுவினாள். திரும்பி வந்து, "சாளை வாங்கியிருக்கேன். பொரிக்கட்டுமா? அஞ்சு நிமிஷம்" என்றாள்.

எஸ்றா இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வரிசையாக வைத்தான். கிருபாபாய் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒன்பது வயதில் நடந்தது அது. ஐம்பத்துமூன்றாம் வருஷம். செல்வதுரை நாசரேத் பக்கத்து ஊர் ஒன்றில் ஹெட்மாஸ்டர். அதே பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த கிரேசி டீச்சர் மேல் அவருக்கு ஆசை வந்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வீட்டில் சண்டை. அம்மா கைக்குழந்தை மாதிரி எஸ்றாவைத் தூக்கிக்கொண்டு அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஒரு வாரத்தில் அப்பா போய் எஸ்றாவை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார்.

பிறகு அவர் கிருபாபாயை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஓய்வுநாள் பள்ளிக்கு மனப்பாட வசனம் சொல்லித்தருவதுபோல, ஒவ்வொரு வரியாக. 'மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். கதவு சாத்தியிருந்தது. வெள்ளத்துரை மாமா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார்கள்.' வெள்ளத்துரை தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவன். அம்மாவின் மிஷினுக்கு எண்ணெய் போட மாதம் ஒருதரம் வருவான். கதவு என்றைக்கும் சாத்தியிருந்ததில்லை.

"இதச் சொன்னா ஜட்ஜ் ஐயா அம்மாவ வீட்டுக்கு அனுப்பிருவாவ" என்றார் அப்பா.

பாளையங்கோட்டையில், ஜட்ஜுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏற்றி நிறுத்தினார்கள். அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு குறுகும்.

அம்மாவின் தையல் டீச்சர் வேலை அந்த மாதமே போனது. அவள் தூத்துக்குடிக்குக் கிட்டங்கி வேலைக்குப் போய்விட்டாள். வெள்ளத்துரை கொழும்புத் தோணி ஒன்றில் ஏறிப் போனான். திரும்பி வரவில்லை. ஒன்றரை வருஷத்தில் கிரேசி டீச்சர் சித்தி ஆனாள். கிருபாபாய் பதினெட்டு வயதில் டெலிபோன் வேலை கிடைத்துத் தூத்துக்குடிக்கு வந்த அன்றைக்கே கிட்டங்கி கிட்டங்கியாகத் தேடி அம்மாவைக் கண்டுபிடித்தாள். ஞானதீபம் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெட்டிய உள்ள வை" என்றாள். பதினான்கு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை இருவரும் ஒருதரம்கூட எடுத்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிருபாபாய் முதல் பஸ் பிடித்தாள். ஊர்க் கோவிலில், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய எஸ்றாவின் கல்யாண அறிக்கையை இரண்டாம் தரமாக வாசித்து முடித்து, ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவள் கோவிலுக்குள் போகவில்லை. நேரே அப்பா வீட்டுக்குப் போனாள்.

செல்வதுரை சாப்பாட்டு மேசையில் இருந்தார். எழுபதை நெருங்குகிற வயது. சட்டைக் கஞ்சி கலையாமல் இருந்தது. கிரேசி ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏளா கிருபா, வா வா. இலை போடு கிரேசி."

"நான் சாப்பிட வரல. ஒரு காகிதம் வாங்க வந்தேன்."

"என்ன காகிதம்?"

"அம்மா மேல சொன்னது பொய்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டு ஐயர்கிட்ட குடுக்கணும். அடுத்த ஞாயிறு அறிக்கை வாசிக்கையில அதையும் வாசிக்கட்டும்." சபைக் குருவை அந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்கள்.

செல்வதுரை சோற்றைப் பிசைந்தார். "முடிஞ்சுபோனதக் கிண்டுத. இருவத்துமூணு வருஷம் ஆச்சு."

"எனக்கு முடியல."

"ஒனக்கு அப்பம் வெவரம் தெரியாது. சட்டம் அப்படி இருந்துச்சு. கிறிஸ்தவனுக்கு, பொண்டாட்டி சோரம் போனான்னு ருசுப்படுத்துனாத்தான் விடுதலை. ரெண்டு பேருக்கும் ஒத்துவரல்லைன்னு சொன்னா எந்த ஜட்ஜும் கேக்க மாட்டான். யாராவது ஒருத்தர் கெட்டவரா இருந்தாத்தான் ஆவும்."

"கெட்டவரு நீருதான! அதச் சொல்லியிருக்க வேண்டியதுதான!"

அப்பாவை 'நீரு' என்று அவள் சொன்னது அதுதான் முதல்தரம். கிரேசியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"நான் ஹெட்மாஸ்டர்ளா. என் வேல போயிருந்தா ஒங்களுக்கு யாரு சோறு போட்டிருப்பா?"

"அம்மா டீச்சர் இல்லியா? அவ வேல போகலியா? அவளுக்கு யாரு சோறு போட்டா? அவுரித் தூசியத் தின்னுட்டு இருமுதா, இன்னும் இருமுதா. என்ன ஸ்டூல்ல ஏத்தி நிறுத்துனீரே, அம்மா வந்திருவான்னு சொன்னீரே, அது எந்தச் சட்டத்துல இருந்துச்சு?"

செல்வதுரை எச்சில் கையை உதறினார். "நான் எழுத முடியாது. கோவில் கமிட்டிச் செயலாளரா இருக்கேன். பையன் கலியாணம் இருக்கு. ஒனக்கு வேணும்னா ஒங்கம்மாளக் கூட்டிட்டு வந்து முன்னால உக்கார வை, நான் தடுக்கல. ஊர் என்ன சொல்லும்னு மட்டும் யோசிச்சுக்கோ."

"ஊருக்குச் சொன்னது நான். நான்தான் இனியும் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. செம்மண் பறக்கிற ரோட்டோரத்தில் வெயிலில் நின்றாள். நிழலுக்கு ஒதுங்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அந்த வாரம் முழுக்க வேலையில் பிசகிக்கொண்டே இருந்தாள். கொச்சி கேட்டவருக்குக் கல்கத்தாவைப் போட்டாள். சூப்பர்வைசர் சத்தம் போட்டார். வீட்டில் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் ஞாயிறு. கோவிலில் பெண்கள் பக்கம் நான்காவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எஸ்றா ஆண்கள் பக்கம் முன்னால் இருந்தான். அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. ஐயர் அறிக்கையை எடுத்தார். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், சாத்தான்குளம் கிருபாநிதி மகள் என்று வாசித்தார். இதற்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று, சொல்லிப் பழகிய வேகத்தில் சொன்னார். காகிதத்தை மடிக்கப்போனார்.

கிருபாபாய் எழுந்து நின்றாள்.

கோவிலே திரும்பிப் பார்த்தது. 

"ஐயரே, கலியாணத்துக்குத் தடை ஒண்ணும் இல்ல. என் தம்பி நல்லவன். எனக்கு வேற ஒண்ணு சொல்லணும்."

"ஆராதனை முடிஞ்ச பொறவு பேசலாம்மா" என்றார் ஐயர். அவர் இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

"முடிஞ்சா எல்லாரும் போயிருவாவ. ஐம்பத்துமூணுல எங்கம்மா ஞானதீபம் மேல கோர்ட்டுல சாட்சி சொன்ன பிள்ள நான். நான் சொன்னது பொய். கதவு சாத்தியிருக்கல. வெள்ளத்துரை மாமா எண்ணெ போட்டுட்டுப் போனாவ, அவ்வளவுதான். எங்கப்பா எனக்குச் சொல்லிக்குடுத்தாவ. நான் சொன்னேன். எங்கம்மாவ நீங்க எல்லாரும் சபைய விட்டு வெலக்குனீங்க. அவ மேல ஒரு குத்தமும் கெடையாது."

முன் பெஞ்சில் அப்பாவின் பின்கழுத்து தெரிந்தது. அது திரும்பவில்லை. கிரேசி குனிந்திருந்தாள். யாரோ ஒரு கிழவர், "உக்காரும்மா" என்றார். அவள் உட்காரவில்லை. பெஞ்சை விட்டு இறங்கி வெளியே நடந்தாள்.

எஸ்றா வாசலுக்கு ஓடிவந்தான். கண் சிவந்திருந்தது.

"ஒனக்கு என் கலியாணந்தானா கெடச்சுது? இந்த ஒரு நாளுதானா?"

"வேற எந்த நாள்லலே ஊரு முழுக்க ஒரே எடத்துல இருக்கும்?"

"எனக்கு அம்மாவும் இல்லாம ஆக்குன. இப்பம் அப்பாவும் இல்லாம ஆக்குத. ரெண்டும் நீதான் செய்த. எனக்குன்னு ஒண்ணு மிச்சம் வைக்க மாட்டியா?"

அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. "வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

செய்தி அவளுக்கு முன்னால் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. கிட்டங்கியில் கூட வேலை பார்க்கும் சீனித்தாய்க்கு அந்த ஊரில் சொந்தம் உண்டு. சாயங்காலம் கிருபாபாய் வீட்டுக்குள் நுழையும்போது, சீனித்தாய் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். கிருபாபாய் கையைப் பிடித்து, "நல்ல காரியம் செஞ்சளா" என்றாள்.

ஞானதீபம் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

"எவள்ட்டக் கேட்டுட்டுப் போன?"

"அம்மா..."

"எவள்ட்டக் கேட்டன்னு கேக்குதேன்! நான் செத்தா போயிட்டேன்? இங்கனதான இருக்கேன், இந்தச் சவத்து வீட்டுல? அன்னைக்கும் ஊரக் கூட்டி வச்சு என்னப் பத்தி நீயே பேசுன. இன்னைக்கும் நீயே பேசிட்டு வந்து நிக்க. ரெண்டு தரம்! நான் ஒரு தரங்கூடப் பேசல. ஒரு வார்த்த பேசல!"

அம்மா கத்தி அவள் கேட்டதே இல்லை. பதினான்கு வருஷத்தில் ஒருநாளும் இல்லை. கத்தியதில் இருமல் வந்துவிட்டது. கிருபாபாய் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். அம்மா தம்ளரைத் தட்டிவிட்டாள்.

"ஒங்க பேரக் காப்பாத்தத்தானம்மா..."

"என் பேரு எனக்குத் தெரியும். நான் என்ன செஞ்சேன், என்ன செய்யலன்னு எனக்குத் தெரியும். ஒனக்கு ஒன் பாரத்த எறக்கி வைக்கணும். எறக்கி வச்சாச்சு. நாளைக்குக் கிட்டங்கில அம்புட்டுப் பேரும் என் மூஞ்சியப் பாப்பாளுவ. பாவம் ஞானதீபம்னு சொல்லுவாளுவ. அதத் தூக்கப்போறது நான்."

கிருபாபாய் தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் ஓடி வந்து சேலை நனைந்தது. "என் மேல கோவமாம்மா? அன்னைக்குச் சொன்னதுக்கு?" என்று கேட்டாள்.

ஞானதீபம் உருண்டு கிடந்த தம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். பேசும்போது குரல் இறங்கியிருந்தது.

"ஒம்பது வயசுப் பிள்ள மேல கோவப்படக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிட்டேன். ஆனா நீ என்னப் பாத்துச் சிரிச்சல்லா. அந்தச் சிரிப்பு எனக்கு ஆறவே இல்ல. கோவந்தான். இன்னும் இருக்கு."

"அம்மா வந்திருவான்னு அப்பா சொன்னாவ. அதான் சிரிச்சேன்."

ஞானதீபம் அவளை வெறித்துப் பார்த்தாள். இது அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் கேட்டதில்லை, இவள் சொன்னதில்லை.

"அப்படியா சொன்னான்?" என்றாள். பிறகு, "நாளைக்கு லீவு போடு" என்றாள். "ஒங்கப்பன் வீட்டுக்குப் போகணும். நீ கூட வா. வாயத் தொறக்கக் கூடாது."

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். ஞானதீபம் இருபத்துமூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் நடந்தாள். முக்காடு போடவில்லை. வீட்டு வாசல்களில் பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தி, "ஞானதீபம் டீச்சரா?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள்.

செல்வதுரை வெளியறையில் இருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. ஒருநாளில் அவர் கமிட்டிச் செயலாளர் பதவியிலிருந்து விலகி எழுதிக் கொடுத்திருந்தார். மேசையில் அதன் நகல் இருந்தது.

"உக்காரு ஞானதீபம்."

"உக்கார வரல. ஒண்ணு கேக்கணும். என்ன நேராப் பாத்துச் சொல்லும். நான் தப்பு செஞ்சேனா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "அதான் நேத்து எல்லாம் பேசியாச்சே..."

"அவ பேசுனா. நான் இன்னும் பேசல. நான் தப்பு செஞ்சேனா இல்லியா? கோர்ட்டுல வக்கீல் வச்சுல்லா சொன்னீரு. இங்கன வக்கீல் இல்ல. நீரு சொல்லும்."

கிருபாபாய் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

உள்வாசலில் நின்ற கிரேசிதான் பேசினாள். "நீங்க ஒண்ணும் செய்யலக்கா. எனக்கு அப்பமே தெரியும். தெரிஞ்சுதான் இந்த வீட்டுக்குள்ள வந்தேன்."

"கிரேசி!" என்றார் செல்வதுரை.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் கிரேசி. அவளுக்கு அழுகை வந்தது.

ஞானதீபம் அவள் பக்கம் திரும்பினாள். "நீ அழாத. எனக்கு அதப் பாக்கப் பொறுமை இல்ல. எம் புள்ளையத் தூக்கி வளத்திருக்க, அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இப்பம் ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. எஸ்றா கலியாணத்துக்கு நான் வர மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் போகணும். மேலுக்குச் சரியில்லன்னு படுத்துரக் கூடாது. கார்டுல போட்டிருக்கபடி முதல் பெஞ்சுல போய் உக்காரணும். ஊரு ஒங்களப் பாக்கட்டும். என்ன இருவத்துமூணு வருஷம் பாத்துச்சு. நீங்க ஒரு நாள் இருந்து பாருங்க."

செல்வதுரை, "ஞானதீபம்..." என்று ஆரம்பித்தார்.

"போதும்" என்றாள் அவள். "நீரு பேச வேண்டிய நேரத்துல பேசல."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து குரும்பூர் வரைக்கும் கண்ணை மூடியிருந்தாள். பிறகு பசிக்கிறது என்றாள். திருச்செந்தூர் ரோட்டில் பஸ் நின்ற இடத்தில் கிருபாபாய் இறங்கி நுங்கு வாங்கிவந்தாள்.

சாத்தான்குளத்திலிருந்து பெண்ணின் அப்பா கிருபாநிதி ஆள் அனுப்பினார். கல்யாணத்தை நிறுத்த இதில் ஒன்றுமில்லை, குறித்த தேதியில் நடக்கும், ஞானதீபம் அம்மாவுக்கு எங்கள் வீட்டு வாசல் எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்லியனுப்பினார். ஞானதீபம் வந்தவருக்குக் காப்பி கொடுத்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. மகளிடம், "நீ போ. அவன் ஒன் தம்பி" என்றாள்.

கிருபாபாய் போனாள். எஸ்றா அவளிடம் பேசவில்லை. போட்டோ எடுக்கும்போது மட்டும் கையைக் காட்டிக் கூப்பிட்டான். பெண்ணுக்கு அந்தப் பக்கம் அவள் போய் நின்றாள்.

அன்று கிட்டங்கியில் கப்பலுக்கு லோடு கட்டுகிற நாள். ஞானதீபம் இருட்டிய பிறகுதான் வந்தாள். தலையெல்லாம் பச்சைத் தூசி. குளித்துவிட்டு வந்து, மகள் கொண்டுவந்திருந்த கல்யாணச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பொண்ணு எப்படி?"

"நல்லாருக்காம்மா. பாடும்போது அவ கொரல் தனியாக் கேட்டுது."

"அவன்?"

"அப்பாவா? முதல் பெஞ்சுல இருந்தாவ. ரெண்டு பேரும். பின்னால ரெண்டு பெஞ்சுக்கு யாரும் உக்காரல. பாட்டுப் புஸ்தகத்த மூஞ்சிக்கு நேராப் பிடிச்சுட்டே இருந்தாவ."

ஞானதீபம் கறித்துண்டை மென்றாள். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கிருபாபாய் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை அவளுக்கு.

"என் மேல கோவம் போச்சாம்மா?"

"இல்ல" என்றாள் ஞானதீபம். "போச்சுன்னா நானே சொல்லுதேன். அதுவரைக்கும் கேக்காத."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், குழாயடிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "ஒங்கப்பன் மேல ஒனக்கு இருக்க கோவத்தையும் நீ வச்சுக்கோ. அவன்கிட்ட சீக்கிரம் எறக்கி வச்சிராத" என்றாள்.

"சரிம்மா" என்றாள் கிருபாபாய்.